மோட்டார் எஞ்சினின் தடுமாற்றமும் அதன் பரிகாரமும்

வண்டி நிற்கும்போது எஞ்சின் மெல்லென ஓடிக்கொண்டிருப்பதைத் தொழிலாளர் 'ஐட்லிங்' என்பர். அவ்வோட்டம் தாழ்ந்து, வண்டி நடுங்கி, ஈற்றில் எஞ்சின் நின்றுவிடுதல் பழைய கார் வைத்திருப்போர் பலரும் கண்ட குறையாகும். அதனை ஒழுங்காக ஆராயும் முறையை மாணவர்க்கு விளங்க உரைப்பதே எமது நோக்கம்.

எம்மை இவ்வாராய்ச்சிக்குத் தூண்டியது ஓர் இரவு நிகழ்ச்சியாகும். 1924இல் அமைந்த கல்லடிப் பாலம் ஒடுக்கமானது. 2013இல் அதனருகே புதிய பாலம் திறக்கப்படும்வரை, எதிர்க்கரை வண்டிகள் கடந்து முடியுமட்டும் இக்கரையில் காத்திருத்தல் வேண்டும். அக்காலத்து மார்கழி மழையில், மூச்சிழுப்பால் வருந்திய எம் தாயாரை மொரிஸ் மைனர் காரிலேற்றிப் புளியந்தீவு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். காத்திருந்த இடத்திலேயே எஞ்சின் நின்றது. மீண்டும் இயங்க மறுத்தது. முன்பின் அறியாத இளைஞர் இருவர் நனைந்தபடி பாலத்தின் மேற் காரைத் தள்ளிச் சென்று உதவினர். தாயார் பிழைத்தார். ஆயினும் குற்றம் எம்முடையதே. பல மாதங்களாக எஞ்சின் தடுமாறியபோதெல்லாம் ஐட்லிங் திருகாணியைச் சிறிது முறுக்கி, வேகத்தை உயர்த்தி, நோயை மறைத்து வந்தோம்.

ஓடும்போது தோன்றாத குறை நிற்கும்போது வெளிப்படுவது ஏன்? ஐட்லிங்கில் காற்று வாயில் ஏறக்குறைய மூடியிருக்கும். எஞ்சின் உட்கொள்ளும் காற்றும் பெற்றோலும் மிகச் சிறிதளவே. அந்நிலையில் உள்ளெடுக்குங் குழாயினுள் அழுத்தம் வெளியழுத்தத்தினும் மிகக் குறைந்திருக்கும். ஆதலால் மயிரிழை போன்ற வெடிப்பினூடாகவும் காற்று விரைந்து புகும். பெற்றோல் நன்கு எரிய, நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். புகுந்த காற்று இவ்விகிதத்தைக் குலைக்கின்றது. வேகமாக ஓடும்போது அதே காற்று மொத்தத்தில் அற்பமாகிவிடும். நான்கு சிலிண்டர்களுள் ஒன்று வேலை செய்யாவிடினும் அவ்வாறே. மற்றைய மூன்றும் ஓட்டத்தில் அதனை ஈடுசெய்யும், நிற்கும்போது ஈடுசெய்ய மாட்டா.

இனி ஆராயும் முறையைக் கூறுவோம். மொரிஸ் மைனரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1956இல் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், 1962இல் 1098 எஞ்சினும் அதற்குப் பொருத்தப்பட்டன. எஞ்சினை நன்கு சூடேற்றி, சோக் கம்பியை முற்றாக உள்ளே தள்ளிய பின்னரே சோதனையைத் தொடங்குக.

முதலாவது, தீப்பொறி. உலர்ந்த தடித்த துணியாற் பிடித்து, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க. கழற்றியதும் வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் நன்று; மாற்றமில்லையெனில் குறை அங்கேயுள்ளது. பிளக்கின் நுனி இளங்கபிலமாயிருத்தல் நலம். கரிபடிந்தால் பெற்றோல் மிகுதி. வெளிறினால் காற்று மிகுதி. பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம், பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம் இருத்தல் வேண்டும். வாவியும் கடலும் சூழ்ந்த எம்மூரில் ஈரம் படிந்து டிஸ்றிபியூற்றர் மூடியில் மின்சாரம் வழிதவறுவதுண்டு. அதனைத் துடைத்து, வெடிப்புளதோவென நோக்குக.

இரண்டாவது, வால்வுகள். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அவற்றின் இடைவெளி 0.012 அங்குலம். இது மிகக் குறைந்தால் வால்வு முற்றாக மூடாது, அமுக்கம் கசியும்.

மூன்றாவது, காற்றுக் கசிவு. பாடும் மீனின் ஒலியைக் கேட்க, தோணியிலிருந்து துடுப்பை நீரிலிட்டு அதன் மறுமுனையிற் காதுவைப்பர் எம்மவர். அவ்வாறே ஒரு றப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை விசிறியிற் படாவண்ணம் இணைப்புகளின் அருகே நகர்த்துக. கசியுமிடத்திற் சீறல் கேட்கும். ஐயமிருப்பின் அவ்விடத்தில் ஒரு துளி எஞ்சின் எண்ணெய் இடுக. ஓட்டம் மாறினால் கசிவு உறுதி. பெற்றோலை ஒருபோதும் இவ்வாறு பயன்படுத்தலாகாது, தீப்பற்றும். எமது காரில் உள்ளெடுக்குங் குழாயின் ஒரு முனையிற் காஸ்கெட் கருகியிருந்தது. அச்சிறு தகட்டை மாற்றியதும் நடுக்கம் நின்றது.

இவற்றின் பின்னரே காபரேற்றரைத் தொடுதல் வேண்டும். மைனரிலுள்ள எஸ்.யு. காபரேற்றரின் பிஸ்ரனை 1/32 அங்குலம் உயர்த்துக. வேகம் கூடி அவ்வாறே நின்றால் பெற்றோல் மிகுதி. ஜெற்றின் நட்டை மேலே திருகுக. எஞ்சின் தளர்ந்து நின்றால் பெற்றோல் குறைவு, கீழே திருகுக. வேகம் கணப்பொழுது சற்றுக் கூடித் தணிந்தால் கலவை சரி. கடைசியாக ஐட்லிங் திருகாணியால் வேகத்தை நிமிடத்துக்கு 500 முதல் 600 சுற்றாக அமைக்க.

இக்காலக் கார்களில் ஐட்லிங்கைக் கணினியே ஆளுகின்றது, திருகாணிக்கு வேலையில்லை. ஆயினும் தீப்பொறி, அமுக்கம், காற்று என்னும் மூன்றையும் முறையே நோக்கும் ஒழுங்கு மாறவில்லை. மாணவர்க்கு ஒன்று கூறுவோம்: ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக, மாற்றியதைக் குறிப்பேட்டில் எழுதுக. திருகாணியைத் திருப்ப வேண்டியிருந்தால், எத்தனை சுற்றுத் திருப்பினீர், ஏன் திருப்பினீர் என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வைக்க.