மந்திர நோட்டுக்குப் படம் போடுவது எப்படி?



இந்த இதழில் நான் எழுதப் போவது மந்திர நோட்டைப் பற்றி. யாரும் பயப்பட வேண்டாம். மந்திரம் ஒன்றுகூட எழுத மாட்டேன். வெளியே சொல்லக் கூடாதென்று அப்பத்தா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டது. எனக்கும் அதில் பெரிசா நம்பிக்கை கிடையாது. நான் சொல்ல வந்தது அந்தப் பக்கங்களில் இருக்கிற படம், கட்டம், ஓரக்கோடு பற்றித்தான். பார்த்தால் சும்மா அழகுக்குப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது.

எங்க தாத்தா ஊரில் பார்வை பார்ப்பவர். குழந்தை பயந்து அழுதால் திருநீறு போடுவார், சுளுக்கு வழிப்பார், கயிறு மந்திரித்துக் கட்டுவார். தன் குருவிடம் கேட்டதைத் தானே எழுதி, தானே படமும் போட்டு வைத்துக்கொண்ட நோட்டு அது. நீளமான கணக்கு நோட்டு, முதுகில் சிவப்புத் துணி. தாத்தா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. வரும் ஆடிப் பதினெட்டுக்கு அதை ஆற்றில் விட்டுவிடலாம் என்று அப்பா சொல்கிறார். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடுகிற வழக்கம் முன்பு இருந்ததைப் பற்றி உ.வே.சாமிநாதையரும் எழுதியிருக்கிறார். எத்தனை ஏடு அப்படிப் போனதோ! "அதுக்குள்ள நான் பார்த்து எழுதிக்கிறேன்பா" என்று கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். அப்படி எழுதும்போது கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

எங்க அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாத்தா கேட்கிற பக்கத்தை அதுதான் எடுத்துக் கொடுக்கும். எப்படி என்றால், தேள்கடிப் பக்கத்தின் வலது மேல் மூலையில் ஒரு தேள். குழந்தைப் பக்கத்தில் தொட்டில். மாட்டுக்கு உள்ளதில் மாடு கிடையாது, இரண்டு கொம்பு மட்டும். எல்லாப் படமும் ஒரே மூலையில் இருப்பதால் பெருவிரலால் சரசரவென்று தள்ளினாலே தெரிந்துவிடும். "அந்தத் தொட்டில எடு" என்பார் தாத்தா, அப்பத்தா விரித்து நீட்டும். நாம் நோட்டு அலங்கரிக்கும்போது பக்கத்து நடுவில் பெரிய ரோஜாப்பூ வரைகிறோமே, அதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது ஓரம். தாத்தா நாலு பக்கமும் இரண்டு விரல் அகலம் விட்டு இரட்டைக் கோடு போட்டிருக்கிறார். தாளைப் பூச்சியும் ஈரமும் பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் பிடிக்கும். இந்த நோட்டில் ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்துச் சல்லடை ஆகிவிட்டது, கோட்டைத் தாண்டி ஒரு எழுத்துகூடப் போகவில்லை. பனையோலைச் சுவடியிலும் இரண்டு முனையிலும், கயிறு கோக்கும் துளையைச் சுற்றியும் இடம் விட்டுத்தான் எழுதுவார்கள். ஓலையில் படம் வரைவது கஷ்டம். எழுத்தாணியால் நார் ஓடுகிற திசையில் நீளக்கோடு அழுத்திப் போட்டால் ஓலை கிழிந்துவிடும். மெதுவாகக் கீறி, பிறகு கரி மை தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். நமக்குத் தாளும் பேனாவும் இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள்.

இப்போது கட்டங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், கணக்கு டீச்சரும் கொஞ்சம் கவனிக்கவும். பூஜை அறையில் அரிசி மாவால் குபேர கோலம் போடுவோம் அல்லவா? தாத்தா நோட்டிலும் அது இருக்கிறது.

27 20 25
22 24 26
23 28 21

எப்படிக் கூட்டினாலும் 72 வரும். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை, எல்லாம். இதில் ஒவ்வொரு எண்ணிலும் 19-ஐக் கழித்துப் பாருங்கள்.

8 1 6
3 5 7
4 9 2

1 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை! கூட்டினால் 15. மூன்று 19 என்பது 57, அதோடு 15 சேர்ந்தால் 72. அவ்வளவுதான் ரகசியம். இந்தச் சின்னச் சதுரத்தைச் சீனாவில் லோ ஷூ என்கிறார்கள், ஆற்றிலிருந்து வந்த ஆமை முதுகில் இருந்ததாக ஒரு கதை. கஜுராஹோவில் பார்சுவநாதர் கோயிலில் 16 கட்டச் சதுரம் ஒன்றைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள், அதில் எந்த வரிசையும் 34. கணித மேதை இராமானுஜன் நோட்டின் முதல் அத்தியாயமே மாயச் சதுரம்தான். அவருடைய நோட்டுகளை 1957-இல் அவர் கையெழுத்திலேயே படம் பிடித்து அச்சிட்டார்கள்.

இன்னொரு பக்கத்தில் எண் இல்லை, எழுத்து.

ந ம சி வா ய
சி வா ய ந ம
ய ந ம சி வா
ம சி வா ய ந
வா ய ந ம சி

குறுக்கிலும் நெடுக்கிலும் ஐந்து எழுத்தும் வரும், எதுவும் இரண்டு தடவை வராது. பேப்பரில் வருகிற சுடோகுவும் இதே சங்கதிதான்! கட்டத்தில் ஒரு எழுத்து அழிந்துபோனால் மற்றதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மழையில் நனைந்த பக்கத்தில் இரண்டு கட்டத்தை அப்படித்தான் நிரப்பினேன். வெறும் வரியாக எழுதியிருந்தால் போனது போனதுதான்.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக. தாத்தா முதலில் மைப் பேனாவில் எழுதியதெல்லாம் தண்ணீர் பட்டு ஊதா மேகம் மாதிரி ஆகிவிட்டது. பால் பாயிண்ட் பேனாவில் எழுதியது நிற்கிறது. ஸ்கெட்ச் பேனா அழகுதான், ஆனால் அடுத்த பக்கத்துக்கு ஊறும். மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசினால் தங்கம் மாதிரி இருக்கும், வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள், நாள் ஆக ஆகப் பழுப்பாகித் தாளையும் கெடுக்கும். நோட்டு வைக்கிற பெட்டியில் ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்தால் பூச்சி அண்டாது என்பார்கள், நானும் போட்டிருக்கிறேன்.

பார்த்து எழுதும்போது நானாகச் சேர்த்தது ஒன்றே ஒன்று. தேள் படத்துக்குக் கீழே சிவப்பில் பெரிதாக 108 என்று எழுதியிருக்கிறேன். தேள் கொட்டினாலோ பாம்பு கடித்தாலோ முதலில் ஆஸ்பத்திரிதான். அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்பத்தா, "அது என்ன தாயி எழுத்து?" என்று கேட்டது. "நூத்தியெட்டு" என்றேன். "அதானே, அவரும் நூத்தியெட்டுத் தடவ சொல்லணும்னுதான் சொல்லுவாரு" என்றது. பிறகு போன் போட்டு எப்படிக் கூப்பிடுவது என்று விளக்கிச் சொல்லிக் கொடுத்தேன்.

மூலைப் படங்களை மட்டும் என் இஷ்டத்துக்கு வரையவில்லை. பட்டர் பேப்பர் வைத்து அப்படியே எடுக்கிறேன். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எதுவும் சொல்லாமல் அப்பத்தா முன்னால் நீட்டுவேன். "இது சுளுக்கு", "இது கண்ணேறு" என்று சரியாகச் சொல்லிவிட்டால் அந்தப் பக்கம் பாஸ். இதுவரை எல்லாம் பாஸ். ஒரு பக்கம் மட்டும் தேறவில்லை. தாத்தா வரைந்தது கோழியா கொக்கா என்று எனக்கே புரியவில்லை. அப்பத்தா பழைய நோட்டைப் பார்த்து மயில் என்கிறது, என் நோட்டைப் பார்த்து வாத்து என்கிறது.

இன்னும் 11 பக்கம் பாக்கி. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு பரண்மேல் கிடந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து சொல்லுங்கள். பட்டர் பேப்பர் மீதி இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடி வரவும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி