போக 8 மணி நேரம், வர 7 மணி நேரம். ஏன்?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையம் சுமார் 5,540 கி.மீ. போக ஏறத்தாழ 8 மணி நேரம். திரும்பி வர 7. தூரம் ஒண்ணுதானே, நேரம் மட்டும் ஏன் மாறுது?

காரணம் ஜெட் ஸ்ட்ரீம். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகமான காற்று.

ஒரு கணக்கு போடுவோம். விமான வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 100 என வைத்துக்கொள்வோம். ஏற்றம், இறக்கம் சேர்க்கவில்லை.

போக: 5540 ÷ 800 = 6.93 மணி
வர: 5540 ÷ 1000 = 5.54 மணி
மொத்தம்: 12.47 மணி

காற்றே இல்லைன்னா? 12.31 மணிதான்!

போகும்போது இழந்ததை வரும்போது முழுசா மீட்க முடியலை. 9 நிமிடம் நஷ்டம். எதிர்காற்றில்தான் அதிக நேரம் பறக்கிறோம், அதான். தூரத்தை மட்டும் வெச்சு எரிபொருள் கணக்கு போட்டா வழியில தீர்ந்துடும் பாஸ்!