பேசும் திரையைப் பழக்கும் முறை

ஆட்டிசம் உடைய குழந்தை வாயால் சொல்ல இயலாத விருப்பத்தைப் படத்தைத் தொட்டுத் தெரிவிக்கவும், தொட்ட சொல்லைக் கருவியே உரக்க உச்சரிக்கவும் வகை செய்யும் செயலிகளுள், சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ தமிழிலும் பேசுவது நமக்கு விசேஷ சௌகரியம். இத்தகைய செயலியைப் பயன்படுத்துவதால் இயல்பான பேச்சு தடைப்படும் என்ற அச்சத்துக்கு ஆராய்ச்சிகளில் ஆதாரமில்லை.

கருவியைக் கையில் திணித்து, “சொல்லு, சொல்லு” என்று குழந்தையைப் பரீட்சிப்பது வீண் பிரயாசை; தட்டில் இட்டிலி வைக்கும்போது தாயே ‘இன்னும்’, ‘வேண்டும்’ என்னும் படங்களைத் தொட்டு, தானும் வாயால் சொல்லி, மறுமொழியை நிர்ப்பந்திக்காமல் சற்றுப் பொறுத்திருப்பதே, நாள்தோறும் செய்துவந்தால், பலன் தரும் அப்பியாசம். விரல் இடத்தை வைத்தே சொல்லைத் தேடிப் பழகுமாதலால், படங்களை அடிக்கடி இடம் மாற்றலாகாது. பொதுவான சித்திரத்தைவிட, வீட்டுத் தம்ளரின் புகைப்படமே சில குழந்தைகளுக்குச் சட்டென விளங்கும். பெரியோர் ஏனோ தின்பண்டப் பெயர்களையே நிரப்பிவிடுகிறார்கள். ஆனால் ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ ஆகியவை செயலியின் முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

குழந்தை வீடியோவுக்குத் தாவாதிருக்க, ஐபேடில் ‘கைடட் ஆக்சஸ்’ என்ற அமைப்பும், ஆண்ட்ராய்டில் ஒரே செயலியைத் திரையில் நிறுத்திவைக்கும் வசதியும் உண்டு. குறும்புக்குத் தண்டனையாக இக்கருவியைப் பிடுங்கி வைப்பது, பேசும் குழந்தையின் வாயைப் பொத்துவதற்கே சமானம். சார்ஜ் தீரும் வேளைக்கென முதல் பக்கத்தை அச்சிட்டு, லாமினேஷன் செய்து பையில் வைத்திருங்கள்.