வேலைக்கு முன்னே வரும் காசோலை

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ வேலை என்று கூறி, சேருமுன்பே 3,000 வெள்ளிக்குக் காசோலை அனுப்புவர். “கணக்கில் போடுங்கள்; 500 வெள்ளி தங்கள் சம்பளம்; மீதியை இன்றே பொருள் வாங்குபவருக்கு அனுப்புங்கள்” என்பர். முன்பின் அறியாதவரை நம்பி இவ்வளவு பணம் ஒப்படைக்கும் முதலாளியை நாம் கண்டதில்லை.

கணக்கில் தொகை பதிவானதைக் கண்டு பணம் வந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. காசோலைக்குரிய வங்கி அதனை ஏற்றால்தான் அது பணம். போலியாயின் திரும்பிவிடும்; நாம் அனுப்பிய 2,500 வெள்ளியோ நமது கைப்பணம். “இன்றே” என்னும் அவசரத்தின் காரணம் இதுவே.

வேலை தேடித்தரும் தனியார் நிறுவனத்திற்கு 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதனை முதலில் கேளுங்கள். பணத்தை அனுப்பிவிட்டவர் வெட்கி நாள் கடத்தாது, தம் வங்கிக்கும், மோசடிகளுக்கென 2022இல் அமைக்கப்பெற்ற தேசிய மையத்தின் 997 எண்ணுக்கும் உடனே அறிவித்து, போலீசில் புகார் செய்தல் வேண்டும்.