லேப்டாப் வாரண்டிக்குக் கூடுதல் பணம் கட்டலாமா?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் பெற்றோர்கள் கல்லூரி திறக்கும் சமயத்தில் கேட்கும் கேள்வி இது. பிள்ளைக்கு 50,000 ரூபாயில் ஒரு லேப்டாப் பார்த்தாயிற்று. பில் போடப் போகும்போது, “இன்னும் 5,000 கட்டினால் மொத்தம் மூன்று வருஷ வாரண்டி சார்” என்கிறார் கடைக்காரர். கட்டலாமா?

வருஷத்தை மட்டும் நீட்டும் திட்டம் என்றால் பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பேன். கீழே விழுந்தாலும், தண்ணீர் கொட்டினாலும் சரிசெய்து தரும் திட்டம் என்றால், தினமும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் யோசிக்காமல் கட்டலாம். கடையில் இரண்டையும் ‘எக்ஸ்டெண்டெட் வாரண்டி’ என்றே சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் பணம் வீணாகிறது.

முதல் வகை ஏன் வேண்டாம் என்பது எலெக்ட்ரானிக்ஸ் லைனில் நின்றவர்களுக்கு எளிதில் புரியும். அசெம்பிளி முடிந்ததும் பொருளை நேராகப் பெட்டியில் அடைத்துவிடுவதில்லை. ஓடவிட்டு, சூடேற்றி, ‘பர்ன்-இன்’ பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். தயாரிப்பில் குறை இருந்தால் ஆரம்பத்திலேயே தலைகாட்டும் என்பதால்தான் அந்தச் சோதனை. அதில் தப்பி வருகிற குறைகளும் பெரும்பாலும் வாங்கிய முதல் சில மாதங்களில் தெரிந்துவிடும். அந்தக் காலத்துக்குக் கம்பெனியின் இலவச ஒரு வருஷ வாரண்டியே போதும். பிறகு சில வருஷங்கள் கோளாறு குறைவு. பாகங்கள் தேயத் தொடங்கியதும் மறுபடி கூடும். நீங்கள் காசு கொடுத்து நீட்டுவது நடுவிலுள்ள அந்த அமைதியான காலத்தை.

கணக்குப் போட்டும் பார்க்கலாம். மதர்போர்டு மாற்ற 20,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 5,000 கட்டியது கட்டுபடியாக வேண்டுமானால், இரண்டாம், மூன்றாம் வருஷங்களில் நான்கு லேப்டாப்புக்கு ஒன்று அந்த அளவுக்குப் பழுதாக வேண்டும். அவ்வளவு பழுதாகும் மாடலை வாரண்டியோடும் வாங்கக் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. திடீரென்று 20,000 ரூபாய் புரட்ட மூன்று வட்டிக்குக் கடன் வாங்க வேண்டிய நிலை என்றால், இந்தக் கணக்கை ஓரமாக வையுங்கள். ஒப்பந்தச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அந்த ஒரு அடி தாங்காது. அவர்கள் 5,000 கட்டுவதில் தவறில்லை. ஆனால் அதைத் தவணைக் கடனோடு சேர்த்துவிடாதீர்கள், வாரண்டிக்கும் வட்டி கட்ட நேரும். தனியாகக் கட்டித் தனி ரசீது வாங்குங்கள்.

இனி, உண்மையில் எது பழுதாகிறது என்று பார்ப்போம். கம்பெனி பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து பை விழுகிறது. பைக்கில் நெரிசலில் பை இடிபட்டுத் திரை கீறல் விடுகிறது. நாலு பேர் தங்கும் அறையில் ஒரே பிளக். சார்ஜர் வயரில் கால் தடுக்கி லேப்டாப் தரைக்கு வருகிறது. கீபோர்டில் டீ கொட்டுகிறது. மூடித் திறக்கும் ஹிஞ்ச் உடைகிறது. சாதாரண வாரண்டியில் விழுந்ததும் நனைந்ததும் சேராது, மூன்று வருஷத்துக்கு நீட்டினாலும் சேராது. ஹிஞ்ச் உடைந்தால்கூட, ‘நீங்கள் உடைத்தது’ என்று சொல்ல இடமிருக்கிறது. இவற்றுக்கு இருப்பது ‘ஆக்சிடெண்டல் டேமேஜ்’ திட்டம். வருஷத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு ரூபாய் வரை, திரைக்கு நாம் பங்கு கட்ட வேண்டுமா என்ற மூன்றையும் எழுத்தில் பாருங்கள். திருட்டும் தொலைந்துபோவதும் பொதுவாக இதில் வராது. பேட்டரிக்கும் பல திட்டங்களில் ஒரு வருஷம்தான்.

நம் பகுதிக்கே உரிய ஒரு நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெல் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. ஹெச்பி லேப்டாப்களும் 2021 முதல் இங்குள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் தயாராகின்றன. ‘நம்ம ஊரில் செய்வதுதானே, ரிப்பேரும் இங்கேயே ஆகிவிடும்’ என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலை வாசலில் யாரும் உங்கள் லேப்டாப்பை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். சர்வீஸ் தனிச் சங்கிலி. எனவே ‘ஆன்சைட்’டா, ‘கேரி-இன்’னா என்று கேளுங்கள். முன்னதில் ஆள் வீட்டுக்கு வருவார்; பின்னதில் நீங்கள் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதற்குள் ஒரு ஷிஃப்ட் போய்விடும். உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவாரா என்பதைக் கம்பெனியின் சேவை எண்ணில் கேட்டு உறுதிசெய்யுங்கள். கடைக்காரர் தலையாட்டியது போதாது.

அந்தத் திட்டத்தைத் தருவது யார் என்பதும் முக்கியம். கம்பெனி நேரடியாகத் தருவதென்றால், சீரியல் நம்பரைப் போட்டு அவர்கள் இணையதளத்திலேயே முடிவுத் தேதி பார்க்கலாம். கடையின் சொந்தத் திட்டம் என்றால் இழப்பீட்டில் தேய்மானம் கழிப்பார்களா என்று பாருங்கள். கழிக்கும் திட்டத்தை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். கவுன்டரில் அவசரப்படவும் தேவையில்லை. பல கம்பெனிகள் முதல் வருஷம் முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்ட விடுகின்றன. பத்தாவது மாதத்தில் லேப்டாப்பின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆக்சிடெண்டல் திட்டத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அதற்குக் கெடு குறைவு.

ராம், ஸ்டோரேஜ் எல்லாம் போர்டிலேயே பற்றவைத்த மெல்லிய மாடல்களும், 80,000-க்கு மேல் போகும் கேமிங் மாடல்களும் வேறு ரகம். ஒரு பாகம் போனாலும் போர்டையே மாற்றச் சொல்வார்கள். அவற்றுக்குக் கம்பெனியின் ஆன்சைட் நீட்டிப்பு, விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் கிடைத்தால், வாங்குங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றவர் இரண்டு வருஷம் பொறுப்பேற்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படிக் கட்டாயக் காலம் இல்லை. ஆனாலும் வாரண்டிக்குள் இருக்கும் தயாரிப்புக் குறையைச் சரிசெய்யாமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். செய்யாறிலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு ஊரும் திறந்திருக்கின்றன. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

வாங்கிய முதல் இரண்டு வாரம் லேப்டாப்பை நன்றாக ஓட்டுங்கள். எல்லா போர்ட், எல்லா கீ, கேமரா, சார்ஜ் நிற்கும் நேரம் அனைத்தையும் சோதியுங்கள். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். கடை பில் தெர்மல் தாளில் இருந்தால் எழுத்து நாளடைவில் மங்கிவிடும்; அன்றைக்கே படமெடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.