அடுத்த முறை தானாக வர வேண்டும்: பள்ளிக் குழந்தைக்குப் பல் வைத்தியம் பார்க்க மாணவரைப் பழக்குவது எப்படி?

பீடோ (குழந்தைப் பல் மருத்துவ) போஸ்டிங்குக்கு வரும் பி.டி.எஸ். மாணவருக்குக் கை ஓரளவு பழகியிருக்கும். ஃபாண்டம் ஹெட் என்ற பயிற்சிப் பொம்மைத் தலையில் குழி வெட்டியிருப்பார், பிடுங்கிய பற்களில் அடைத்துப் பார்த்திருப்பார். ஆனால் ஃபாண்டம் ஹெட் எச்சில் விழுங்காது, நாக்கால் கண்ணாடியைத் தள்ளாது, "அம்மா எங்க?" என்று கேட்காது. இரண்டாம் வகுப்புக் குழந்தை இந்த மூன்றையும் ஒரே நிமிடத்தில் செய்யும்.

லாக் புக்கில் இத்தனை அடைப்பு, இத்தனை சீலன்ட், இத்தனை பல் பிடுங்கல் என்று கோட்டா இருக்கிறது. குழந்தை அழ அழ அடைத்த பல்லும் அந்தக் கணக்கில் ஏறிவிடும். அதே குழந்தை அதன் பிறகு பல் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் போவது எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆகவே பயிற்சி தரும் ஆசிரியர் முதலில் அளவுகோலை மாற்ற வேண்டும்: மாணவர் வேலையைச் சரியாக முடித்தாரா என்பதோடு, அந்தக் குழந்தை அடுத்த முறை தானாக நாற்காலியில் ஏறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதப்பட்ட படிகள் இவை.

படி 1: வாயைத் திறக்கும் முன் வயதைப் படிக்கவையுங்கள்

இந்த வயதில் வாயில் பால் பல்லும் நிலைப் பல்லும் கலந்திருக்கும். மாணவர் அதிகம் தடுமாறுவது ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லில். எந்தப் பல்லும் விழாமல், பால் பல் வரிசைக்குப் பின்னால் அது சத்தமில்லாமல் வந்து நிற்கும். பெற்றோர் அதைப் பால் பல் என்றே நினைப்பார்கள். சொத்தையோடு வந்தால், "விழப்போற பல்லுதானே டாக்டர், எதுக்கு அடைக்கணும்?" என்பார்கள். மாணவர் அதற்கு உடனே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்: இது விழாது, ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பல்.

பால் கடைவாய்ப் பற்களும் அவ்வளவு சீக்கிரம் விழுபவை அல்ல. பத்து, பன்னிரண்டு வயது வரை மெல்லவும் வேண்டும், கீழே வளரும் பல்லுக்கு இடம் பிடித்து வைக்கவும் வேண்டும். அவற்றின் எனாமல் மெல்லியது, உள்ளிருக்கும் கூழ் பெரியது. பெரியவர் பல்லில் பழகிய ஆழத்துக்கு ஏரோட்டாரை இறக்கினால் கூழைத் தொட்டுவிடும்.

பயிற்சி: பெயரையும் வயதையும் மறைத்த எக்ஸ்ரே படங்களைக் கொடுத்து வயதை ஊகிக்கச் சொல்லுங்கள். 16-ஆம் எண் பல் எது, 55-ஆம் எண் பல் எது என்று விரல் வைத்துக் காட்டட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளிலிருந்து வரும் குழந்தைகளின் பற்படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல பற்களில் ஒரே சீராகப் படிந்த வெள்ளைக் கோடும் பழுப்புக் கறையும் சொத்தை அல்ல என்று பிரித்தறியத் தெரியாதவர், நல்ல பல்லைத் தோண்டிவிடுவார்.

படி 2: முதலில் வெறுமனே பார்க்கட்டும்

முதல் சில நாட்கள் கையில் கருவி வேண்டாம். மூத்தவர் சிகிச்சை செய்யும்போது மாணவர் குழந்தையின் வாயைப் பார்க்காமல் கையையும் காலையும் கண்ணையும் கவனிக்க வேண்டும். கைப்பிடியை இறுகப் பிடிக்கும் விரல், மடங்கும் கால் கட்டைவிரல், கருவித் தட்டைத் துரத்தும் கண் ஆகியவை அழுகைக்கு முன்பே வரும் அறிகுறிகள்.

கவனித்ததைக் குறிக்க 1962-இல் வெளிவந்த ஃபிராங்கல் அளவுகோல் இன்றும் போதுமானது. முற்றிலும் மறுத்துக் கதறினால் 1, தயங்கி முரண்டு பிடித்தால் 2, சற்று எச்சரிக்கையோடு ஒத்துழைத்தால் 3, மகிழ்ச்சியாக ஈடுபட்டால் 4. உள்ளே வரும்போது, நாற்காலியில் ஏறும்போது, சோதிக்கும்போது, ஊசியின்போது, முடிந்து இறங்கும்போது என ஐந்து இடங்களில் எண் போடச் சொல்லுங்கள். இரண்டு மாணவர்கள் தனித்தனியே போட்டு ஒப்பிடட்டும். எண் வேறுபடும் இடத்தில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கும்.

படி 3: பேச்சை ஒத்திகை பாருங்கள்

சொல், காட்டு, செய் என்ற முறையை ஆடெல்ஸ்டன் 1959-இல் எழுதி வைத்தார். இதைப் பரீட்சையில் எழுதாத மாணவர் இல்லை. நாற்காலி அருகே ஒழுங்காகச் செய்பவர் குறைவு. சொல்லிவிட்டுக் காட்டாமல் செய்வது, காட்டிவிட்டு வேறொன்றைச் செய்வது இரண்டுமே வழக்கமான பிழைகள். ஒரு மாணவர் குழந்தையாகவும், ஒருவர் பதற்றமான அம்மாவாகவும், ஒருவர் டாக்டராகவும் நடிக்கட்டும். கவனிக்க வேண்டியவை:

- கருவிக்குக் குழந்தைக்குப் புரியும் பெயர் இருக்கட்டும். சக்‌ஷன் "தண்ணி உறிஞ்சுற ஸ்ட்ரா", காற்று அடிப்பது "குட்டி ஃபேன்", ஏரோட்டார் "விசில் அடிக்கிற பிரஷ்". குழந்தையின் நகத்தில் முதலில் காட்டிவிட்டுப் பிறகு பல்லுக்குப் போக வேண்டும். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் இந்தச் செல்லப் பெயர்கள் எடுபடாது. பத்து வயதுப் பையனிடம் கருவியின் வேலையை நேராகவே விளக்கலாம்.
- "இல்லை" என்ற பதிலை ஏற்க முடியாத கேள்வியைக் கேட்கக் கூடாது. "வாயைத் திறக்கிறியா?" என்றால் "மாட்டேன்" என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு. "மேல் பல்லை முதல்ல எண்ணலாமா, கீழ்ப் பல்லையா?" என்றால் எதைச் சொன்னாலும் வேலை நகரும்.
- "வலிக்கவே வலிக்காது" என்ற வாக்குறுதி வேண்டாம். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், நான் பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள போயிடும்" என்பது நடக்கப்போவதைச் சொல்கிறது.
- "அழுதா பெரிய ஊசி போட்டுடுவாங்க" என்று அம்மா மிரட்டினால், குழந்தை எதிரிலேயே மென்மையாகத் திருத்த வேண்டும்: "அப்படியெல்லாம் இல்லம்மா. இங்க யாரும் தண்டனையா ஊசி போட மாட்டோம்."
- ஒரே குரல். மாணவர், நர்ஸ், அம்மா, ஆசிரியர் என நால்வரும் ஒரே நேரத்தில் "வாயைத் திற" என்றால் குழந்தை யார் பேச்சையும் கேட்காது.

எல்லாவற்றுக்கும் மேலானது நிறுத்தும் சைகை. இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்துவார் என்று சொல்லிக்கொடுத்துவிட்டால், தூக்கும் ஒவ்வொரு முறையும் நிறுத்தியே ஆக வேண்டும். முதல் முறை பெரும்பாலும் சோதனைக்காகத்தான் தூக்கும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று மாணவர் தொடர்ந்தால் அன்றைக்கு அந்தச் சைகை செத்துவிடும், நம்பிக்கையும் போய்விடும்.

படி 4: பெற்றோரிடம் கேட்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

எடை, இதய நோய், வீசிங், வலிப்பு, ரத்தம் உறைவதில் கோளாறு, மருந்து ஒவ்வாமை, இதற்கு முன் ஆஸ்பத்திரியில் பட்ட அனுபவம் ஆகியவற்றை நாற்காலிக்கு வரும் முன்பே எழுதி வாங்க வேண்டும். எடையைக் கேட்காமல் வெயிங் மெஷினில் ஏற்றியே குறியுங்கள். மருந்துக் கணக்கு அதில்தான் நிற்கிறது.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டக் குழுக்கள் பள்ளிகளில் சோதிக்கும் குறைபாடுகளில் பல் சொத்தையும் ஒன்று. அப்படி அனுப்பப்படும் குழந்தைகள் சில நேரம் பள்ளி ஆசிரியரோடு மட்டும் வருவார்கள். பரிசோதித்துச் சீட்டு எழுதித் தரலாம். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் சிகிச்சை கூடாது. கையெழுத்து வாங்கிய பிறகும் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்கப் பழக்குங்கள்.

குழந்தையோடு மாணவர் தனியாக அறையில் இருக்கக் கூடாது. கை காலை அழுத்திப் பிடிக்கும் முடிவு மாணவருடையது அல்ல. வாயைக் கையால் பொத்தி அடக்கும் பழைய முறையை அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2006-இல் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்தே நீக்கிவிட்டது. இதை மாணவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

படி 5: எளிதிலிருந்து கடினத்துக்கு அடுக்குங்கள்

ஒரு மாணவருக்கு ஒரு குழந்தையை முழுமையாக ஒப்படையுங்கள். ஆளுக்கொரு பல்லாகப் பிரிக்க வேண்டாம்.

முதல் வருகையில் பல் எண்ணுதல், பல் துலக்கிக் காட்டுதல், ஃபுளோரைடு வார்னிஷ் பூசுதல் போதும். பட்டாணி அளவு பேஸ்ட், இரவில் தூங்கும் முன் ஒருமுறை கட்டாயம், ஏழெட்டு வயது வரை பெரியவர் உதவி என்று வீட்டுக்கான பாடத்தையும் மாணவரே சொல்லட்டும்.

இரண்டாவது வருகைக்கு ஏற்றது சீலன்ட். துளைப்பதும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் பஞ்சு, தண்ணீர், காற்று, சக்‌ஷன், லைட் எல்லாம் குழந்தைக்கு அறிமுகமாகிவிடும். பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சு வைத்து உலர்த்தி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 வினாடி வைத்துக் கழுவி மீண்டும் உலர்த்தினால், பல் உறைபனி போல் வெளுத்துத் தெரிய வேண்டும். அப்போதுதான் சீலன்ட். இடையில் எச்சில் பட்டால் அமிலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். குழந்தையின் நாக்கை அடக்குவதுதான் இதில் மாணவருக்கு உண்மையான தேர்வு.

மூன்றாவது வருகைக்குச் சிறிய சொத்தை. கைக்கருவியால் மட்டும் சுரண்டி கிளாஸ் அயனோமர் வைத்து அடைக்கும் ஏ.ஆர்.டி. முறை, 1980-களில் தான்சானியாவில் மின்சாரமில்லாத கிராமங்களுக்காக உருவானது. சத்தத்துக்குப் பயப்படும் குழந்தைக்கு நம் கிளினிக்கிலும் அது கைகொடுக்கும். கூழில் தொற்று இல்லாத பால் கடைவாய்ப் பல்லுக்கு, ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நார்னா ஹால் பெயரால் வழங்கும் ஹால் முறையில், ஊசியும் துளைப்பும் இல்லாமல் ஸ்டீல் கிரவுனைப் பொருத்தலாம். கிரவுன் தொண்டைக்குள் நழுவாதபடி குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து காஸ் துணியால் காப்பது கட்டாயம். 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடு பூசுவதென்றால், சொத்தைப் பகுதி கறுத்துவிடும் என்பதைப் படம் காட்டிச் சொல்லிய பிறகே பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும்.

இந்த வரிசைக்கு விலக்கு உண்டு. முகவீக்கம், காய்ச்சல், தூங்கவிடாத வலி, விழுந்து பல் பெயர்ந்தது ஆகியவை காத்திருக்காது. பெயர்ந்த நிலைப் பல்லை எவ்வளவு சீக்கிரம் திரும்பப் பொருத்துகிறோமோ அவ்வளவு நல்லது. பால் பல்லைத் திரும்பப் பொருத்தவே கூடாது. இத்தகைய கேஸ்களை மூத்தவர் எடுக்க, மாணவர் உதவட்டும்.

படி 6: ஊசி

முதலில் கணக்கு. அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகைனில் 1 மி.லி.க்கு 20 மி.கி. மருந்து இருக்கிறது. குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் உச்சவரம்பு கிலோவுக்கு 4.4 மி.கி. ஆகவே 20 கிலோ குழந்தைக்கு 88 மி.கி., அதாவது 4.4 மி.லி.தான் எல்லை. அது எட்ட வேண்டிய அளவு அல்ல, தாண்டக் கூடாத அளவு. மாணவர் இந்தக் கணக்கைக் கேஸ் ஷீட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டாமல் சிரிஞ்சைத் தொடக் கூடாது.

பிறகு கை. மரத்துப்போகும் ஜெல்லை உலர்ந்த ஈறில் தடவி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். சிரிஞ்ச் குழந்தையின் கண்பார்வைக்குக் கீழே கைமாற வேண்டும். உதட்டை இழுத்துப் பிடித்து, ரத்தக் குழாயில் இல்லை என்று உறிஞ்சிப் பார்த்து, மிக மெதுவாகச் செலுத்த வேண்டும். கீழ்த்தாடை நரம்புக்குப் போடும்போது பெரியவர்களைவிடத் தாழ்வாகக் குத்த வேண்டும். குழந்தையில் அந்த நரம்புத் துளை கீழே இருக்கும், வயதோடு மேலேறும். முதல் சில ஊசிகளில் ஆசிரியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாவிடம், "ரெண்டு மூணு மணி நேரம் உதடு மரத்திருக்கும். உணர்ச்சி வர்ற வரைக்கும் சாப்பிட எதுவும் குடுக்காதீங்க, உதட்டைக் கடிக்காம பாத்துக்கோங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் மறுநாள் கடித்து வீங்கிய உதட்டோடு திரும்பி வரும்.

படி 7: ஆசிரியர் எப்போது கைவைக்க வேண்டும்

காலை நேரம் கொடுங்கள். பசியும் தூக்கமும் இல்லாத வேளை அது. நாற்காலியில் அரை மணிக்கு மேல் நீட்ட வேண்டாம். மாணவர் தடுமாறினால் சொல்ல ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மேம், ஒரு தடவை பார்க்கிறீங்களா?" என்றால் ஆசிரியர் உட்கார வேண்டும் என்று பொருள். குழந்தை எதிரில் மாணவரைத் திட்டுவதும், தலைக்கு மேல் ஆங்கிலத்தில் கிசுகிசுப்பதும் கூடாது. மொழி புரியாவிட்டாலும் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்பது குழந்தைக்குப் புரிந்துவிடும். வேலை பாதியில் நின்றாலும், குழந்தையால் முடிகிற சின்னக் காரியம் ஒன்றைச் செய்யவைத்து, அதைப் பேர் சொல்லிப் பாராட்டி அனுப்புங்கள்.

படி 8: மதிப்பீடு

குழந்தை போன உடனே ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்த இடத்தில் ஃபிராங்கல் எண் மாறியது? அதற்கு முன் நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன செய்தீர்கள்? அடுத்த வருகையில் எதை மாற்றுவீர்கள்? இந்த மூன்று கேள்விகள் போதும்.

மதிப்பெண் தாளில் அடைப்பின் தரத்தோடு மருந்துக் கணக்கு, நிறுத்தும் சைகையை மதித்தது, பெற்றோருக்கு விளக்கியது ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். லாக் புக்கை வேலைவாரியாக இல்லாமல் குழந்தைவாரியாக எழுதவையுங்கள். ஒவ்வொரு பதிவிலும் "அடுத்த வருகையில் நாற்காலியில் ஏறும்போது ஃபிராங்கல் எண்" என்று ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும். போஸ்டிங் முடிந்து மாணவர் வேறு துறைக்குப் போயிருந்தாலும், மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து மறுபரிசோதனைக்கு வரும் நாளில் அவரை அழைத்து அதை நிரப்பச் சொல்லுங்கள். அந்தக் கட்டம் நிரம்பிய பிறகு கேஸுக்குக் கையெழுத்துப் போடலாம்.