கிறித்தவ விளம்பர மொழியில் வேண்டலும் வாக்குறுதியும்

திறவுச்சொற்கள்: கிறித்தவ ஊடகம், சுகமளிக்கும் கூட்டம், வியங்கோள், சாட்சி, விளம்பர அறம்.

முன்னுரை

நோய் நீங்க இறைவனை வேண்டுதல் கிறித்தவ வழிபாட்டின் தொன்மையான கூறாகும். அவ்வேண்டுதலுக்கு மக்களை அழைக்கும் சுவரொட்டியும் தொலைக்காட்சி அறிவிப்பும் விளம்பரத் தன்மை பெறுகின்றன. அங்கு வேண்டல் வாக்குறுதியாக மாறுமிடத்தை வினைமுற்றின் வடிவம் கொண்டு அறியலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விளம்பர அறம்

சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 1997இல் வெளியிட்ட விளம்பர அறநெறி குறித்த ஆவணம், உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு ஆகிய மூன்று நெறிகளை வகுத்தது. வெளிப்படையான பொய்யை மட்டுமன்றி, உரிய செய்தியை மறைத்துத் திரிபுணர்வை உண்டாக்குதலையும் அது குறையாகக் கொள்கிறது. சமய அறிவிப்புகளையும் இவ்வளவுகோலால் மதிப்பிடுதல் பொருந்தும்.

வியங்கோளும் எதிர்கால வினைமுற்றும்

வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களில் வியங்கோள் வரும் என்பது இலக்கண மரபு. 'நோயுற்றோர் நலம் பெறுக' என்னும் தொடரில் விளைவு இறைவனிடம் விடப்படுகிறது. கூறுவோர் அதற்கு உறுதியளிப்பதில்லை. இயேசு கற்பித்த செபத்தின் தொடக்க வேண்டுதல்கள், தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'க' எனவும் 'ஆக' எனவும் முடிதல் இவ்வகையினதே.

'வாருங்கள், நலம் பெறுவீர்கள்' என்பதோ ஏவலை அடுத்து எதிர்கால வினைமுற்று நிற்கும் அமைப்பு. இதில் 'வந்தால்' என்னும் நிபந்தனை குறிப்பாய் நிற்க, வருகை காரணமாகவும் நலம் காரியமாகவும் பொருள்படுகின்றன. வந்தும் நலம் பெறாதவர் தம் நம்பிக்கைக் குறைவே காரணம் எனத் தம்மையே நொந்துகொள்ள இது இடந்தருகிறது. மனித மாண்பு என்னும் நெறி இங்கு ஊறுபடுகிறது.

சாட்சியின் மொழி

'குணமடைந்தார்' என்பதற்கும் 'குணமடைந்ததாகக் கூறினார்' என்பதற்கும் வேறுபாடு பெரிது. முன்னது அறிவிப்போரின் உறுதிமொழி. பின்னது பிறர் கூற்றை எடுத்துரைத்தல். சாட்சி கூறியவர் மருத்துவமும் பெற்றுவந்தார் என்பதை விடுத்தால், ஒவ்வொரு சொல்லும் மெய்யாயிருந்தும் முழுச்செய்தி திரிபாகும். நீரிழிவு நோயாளி ஒருவர் அதனை நம்பி மருந்தை நிறுத்தினால் உயிருக்கே கேடு நேரும்.

இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு முதலிய நோய்களைத் தீர்ப்பதாகத் தாயத்து, மந்திரம் போன்றவற்றை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. நோயாளியின் இக்கட்டான நிலையைக் கருதி எழுந்த இக்காப்பு, சமய ஊடகத்தார் தாமே மேற்கொள்ளத்தக்க கடமையையும் சுட்டுகிறது.

முடிவுரை

கிறித்தவ விளம்பர மொழியின் நேர்மைக்கு மூன்று நெறிகள் பெறப்படுகின்றன: அழைப்பு வேண்டல் வடிவில் அமைதல், சாட்சி கூறினோர் கூற்றாகவே தரப்படுதல், மருத்துவத்தைத் தொடருமாறு வெளிப்படையாக அறிவுறுத்தல். இவற்றால் இறைநம்பிக்கை குறைவதில்லை. இறைவனுக்குரியதாக நம்பப்படும் செயலுக்கு மனிதர் உறுதியளிப்பதே தவிர்க்கப்படுகிறது.